கரைந்த முரசுக்கு எதை ஒட்டுவது?

முரசு கரைவதை எங்கள் ஊரில் யாரும் நோயாக எடுப்பதில்லை. "வயசு போனா முரசு இறங்கும்தானே" என்று சொல்லிவிட்டு அடுத்த வெற்றிலையை மடிப்பார்கள். என் உம்மாவும் அப்படித்தான். நாற்பது வயது தாண்டும்வரை நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். பிறகு ஐஸ் போட்ட சர்பத் குடித்தால் கீழ்வரிசையில் ஒரு வேட்டைப்பல் கரண்ட் அடித்த மாதிரிக் கூசத் தொடங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். அந்தப் பல் மட்டும் நீண்டு தெரிந்தது. பல் வளரவில்லை. முரசு இறங்கி, மூடியிருக்க வேண்டிய வேர் வெளியே வந்திருந்தது.

பாடசாலை விடுமுறையில் வெளியூரில் ஒரு தனியார் பல் வைத்தியரிடம் போனேன். நல்ல மனிதர். பொறுமையாக விளங்கப்படுத்தினார். "சத்திரசிகிச்சை செய்து வேரை மூடலாம் சேர். உங்கட மேலண்ணத்துல இருந்தே சதை எடுத்து ஒட்டலாம். அது ரெண்டு காயம். அது வேணாம் என்றா இந்த மெம்பரேனை வைக்கலாம், ஒரு காயத்தோட முடியும்" என்று சொல்லி, ஒரு சிறு பெட்டியை மேசையில் வைத்தார். சுவிட்சர்லாந்துத் தயாரிப்பு. பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 'பொர்சைன்' என்று ஒரு சொல். நான் தமிழில் சிறப்புப் பட்டம் படித்தவன், ஆங்கிலம் கொஞ்சம் தட்டுத்தடுமாற்றம்தான். போனில் அகராதியைப் பார்த்தேன். பன்றியிலிருந்து பெறப்பட்டது என்று பொருள் வந்தது.

கேட்டேன். "ஓம் சேர், பன்றிதான். நீங்க கேட்டது நல்லம், கன பேர் கேக்கிறதில்ல" என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை, சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்தச் சொல் என் கண்ணில் படாமல் இருந்திருந்தால் நானும் கேட்டிருக்க மாட்டேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த இடைவெளிதான். நான் வைத்தியனுமல்ல, முப்தியுமல்ல. பிறகு வாசித்தும் விசாரித்தும் அறிந்தவற்றை, இதே நாற்காலியில் நாளை உட்காரப்போகும் ஒருவருக்காக ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

முரசு ஏன் இறங்குகிறது?

நூல்வழக்கில் ஈறு என்றும் நம் பேச்சில் முரசு என்றும் சொல்லும் இந்தச் சதை, பல்லின் கழுத்தைச் சுற்றி ஒரு கொலர் போல இருக்கிறது. அதன் கீழே எலும்பு. பல்லின் தலைப் பகுதியை மிளிரி மூடியிருக்கும், வேருக்கு அந்தக் கவசம் இல்லை. ஆகவே முரசு இறங்கியதும் வேர் கூசுகிறது, தேய்கிறது, எளிதில் சூத்தை பிடிக்கிறது.

இந்த விடயத்தில் உலகம் இன்றும் எடுத்துப் பேசும் ஆய்வொன்று நம் நாட்டில் நடந்தது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். நோர்வேயைச் சேர்ந்த ஹெரால்ட் லோ என்னும் பல் மருத்துவ அறிஞரும் அவரது குழுவினரும் 1969இல் நோர்வேயில் 565 படித்த ஆண்களையும், 1970இல் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களையும் பரிசோதித்து, பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். நோர்வேக்காரர்கள் சிறு வயதிலிருந்தே ஒழுங்கான பல் பராமரிப்புப் பெற்றவர்கள். நம் தோட்டத் தொழிலாளருக்கோ பல் சிகிச்சை வசதியும் இல்லை, பிரஷ் பழக்கமும் இல்லை. முரசு இறக்கம் பற்றிய முடிவுகள் 1992இல் வெளியாயின. இலங்கைக் குழுவில் 30 வயதளவில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு முரசு இறங்கியிருந்தது. 40 வயதில் எல்லோருக்குமே. பல்லின் வெளிப்பக்கம், உட்பக்கம், இடைவெளி என எல்லாப் பக்கமும். 

இதில் வியப்பு நோர்வேக்காரர்களின் கணக்குத்தான். 20 வயதிலேயே அவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் முரசு இறக்கம் இருந்தது. ஆனால் பெரும்பாலும் வெளிப்பக்கத்தில் மட்டும். ஆக இரண்டு வகை இறக்கம் உண்டு. ஒன்று, அழுக்கும் பற்காரையும் சேர்ந்து, முரசு அழற்சியாகி, எலும்பும் கரைந்து இறங்குவது. மற்றது, சுத்தமான வாயில், அழுத்தித் தேய்த்துத் தேய்த்தே இறக்குவது. எனக்கு வந்தது இரண்டாவது. இருபது வருடமாக வன்மையான பிரஷ்ஷால் குறுக்கும் மறுக்கும் இழுத்திருக்கிறேன்.

மிஸ்வாக் பாவிப்போரும் இதைக் கவனிக்க வேண்டும். ஸுன்னத்தான அந்தக் குச்சியில் குறை இல்லை. நாரை நன்றாக ஊறவைத்து மிருதுவாக்காமல், ஒரே இடத்தில், குறுக்குவாட்டில் அழுத்தி உரசினால் அதுவும் முரசைத் தேய்க்கும். முரசிலிருந்து பல் நுனியை நோக்கி, மெதுவாகத் துலக்க வேண்டும்.

எல்லோருக்கும் ஒட்டு வேண்டுமா?

தேவையில்லை. கூச்சமில்லை, இறக்கம் கூடவில்லை, சுத்தம் செய்ய முடிகிறது என்றால், துலக்கும் முறையைத் திருத்தி, காரையை அகற்றி, வருடாவருடம் பார்த்துக்கொண்டால் போதும். கூச்சம் தாங்கவில்லை, இறக்கம் கூடிக்கொண்டே போகிறது, வேரில் சூத்தை தொடங்குகிறது, முன்பல் அசிங்கமாகத் தெரிகிறது என்றால் சத்திரசிகிச்சை பற்றிப் பேசலாம்.

அப்போது வைத்தியர் முதலில் பார்ப்பது இறங்கிய இடத்தை அல்ல, இரு பற்களுக்கும் இடையே உள்ள முக்கோண முரசையும் அதன் கீழ் எலும்பையும்தான். அது குறையாமல் இருந்தால் வேரை முழுதாக மூடும் வாய்ப்பு நல்லது. அதுவும் கரைந்திருந்தால் எந்த ஒட்டை வைத்தாலும் முழுமையாக மூடாது. ஒட்டுத் துண்டுக்குச் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது. சுற்றியுள்ள முரசிலிருந்தும் எலும்பு உறையிலிருந்தும் அது இரத்தம் பெற்றே உயிர் பிழைக்க வேண்டும். வெற்று வேரில் இரத்தம் இல்லை. ஒட்டுக்கண்டு நடுகிறவர்களுக்கு இது உடனே விளங்கும்: தாய்மரத்தில் சாறு ஓடாத இடத்தில் ஒட்டுப் பிடிக்காது. புகை பிடிப்போருக்கு இந்தச் சிகிச்சையின் பலன் குறைவதும் இதனால்தான். புகை இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது.

முரசு தடிப்பாக உள்ள சிலருக்கு ஒட்டே தேவைப்படாது. இருக்கும் முரசைத் தளர்த்தி, மேலே இழுத்து வேரை மூடித் தைத்துவிடுவார்கள். முரசு மெல்லியதாக உள்ளவர்களுக்குத்தான் அதன் கீழே தடிப்புக்கு ஏதாவது வைக்க வேண்டி வருகிறது. அங்கேதான் நம் கேள்வி தொடங்குகிறது.

ஒட்டும் பொருட்கள்

முதலாவது, சொந்த அண்ணம். இதில் இரண்டு முறைகள் உண்டு. பழையது 1960களில் பரவியது. அண்ணத்தின் மேல்தோலோடு சேர்த்து ஒரு துண்டை வெட்டி, முரசு குறைந்த இடத்தில் வைத்துத் தைப்பது. பிடிமானம் நல்லது. ஆனால் அண்ணத்தில் திறந்த புண் இருக்கும், ஒட்டிய இடமும் வேறு நிறத்தில் ஒட்டுப் போட்ட சட்டை மாதிரித் தெரியும். 1985இல் அமெரிக்காவில் லாங்கர் என்ற குடும்பப் பெயருடைய இருவர் அறிமுகப்படுத்திய முறை இந்தக் குறையைத் தீர்த்தது. அண்ணத்தின் மேல்தோலை ஒரு மூடியைப் போலத் திறந்து, உள்ளேயுள்ள தொடுப்பிழையத்தை மட்டும் எடுத்து, மூடியைத் திரும்ப வைத்துத் தைப்பார்கள். எடுத்த இழையத்தை முரசின் கீழே செருகி, முரசை மேலே இழுத்து மூடுவார்கள். மேலிருந்தும் கீழிருந்தும் இரத்தம் கிடைப்பதால் நன்றாகப் பிடிக்கும், நிறமும் ஒத்துப்போகும். குறை என்னவென்றால் இரண்டாவது காயம், ஒரு வாரம் பத்து நாள் வேதனை, சில நேரம் இரத்தக் கசிவு. அண்ணம் மெல்லியதாக இருந்தாலோ, பல பற்களுக்கு ஒரே தரத்தில் செய்ய வேண்டியிருந்தாலோ சதை போதாமலும் போகலாம்.

இரண்டாவது, மற்றொரு மனிதனின் தோல். இறந்தவர் தானம் செய்த தோலிலிருந்து எல்லாக் கலங்களையும் கழுவி நீக்கி, நார்ச் சட்டகத்தை மட்டும் உலர்த்தி வைக்கிறார்கள். அமெரிக்காவில் 1990களில் தீக்காயத்துக்கென வந்த அலோடேர்ம் இதில் பெயர் பெற்றது. பின்னர் முரசுக்கும் எடுத்துக்கொண்டார்கள். சொந்தக் கலங்கள் அந்தச் சட்டகத்துக்குள் குடியேறி, மெல்ல மெல்ல அதைத் தமதாக்குகின்றன.

மூன்றாவது, மிருக இழையம். சந்தையில் அதிகம் கிடைப்பது பன்றியிலிருந்து வருவதுதான். சுவிட்சர்லாந்தின் மியூக்கோகிராஃப்ட், பயோகைட், ஜெர்மனியின் மியூக்கோடேர்ம் எல்லாம் பன்றிக் கொலாஜன். வேரில் பூசும் எம்டோகெயின் என்ற ஜெல், பன்றிக் குட்டியின் வளரும் பற்களிலிருந்து எடுத்த புரதம். பன்றித் தோலின் அமைப்பு மனிதத் தோலுக்கு நெருக்கமானது, ஐரோப்பிய இறைச்சித் தொழிலில் தாராளமாகக் கிடைப்பது. இவையே அதைத் தெரிவுசெய்யக் காரணம். மாட்டிலிருந்து எடுத்த கொலாஜனும் உண்டு. பயோமெண்ட் என்ற சவ்வு மாட்டின் தசைநாரால் ஆனது. பயோஒஸ் என்பது மாட்டெலும்புத் தூள், அது எலும்புக் குறைக்குரியது, முரசுக்குரியதல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மாடு என்றாலும் எங்கே, எப்படி அறுக்கப்பட்டது என்ற கேள்வி நமக்கு மிஞ்சியே இருக்கிறது.

நான்காவது, சொந்த இரத்தம். 2001இல் பிரான்சில் சூக்ரூன் என்பவர் அறிமுகப்படுத்திய முறை. கையிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுத்து, உறைவதைத் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காமல், பத்துப் பன்னிரண்டு நிமிடம் மையநீக்கியில் சுழற்றினால், நடுவில் மஞ்சள் நிறமான ஒரு ஃபைப்ரின் கட்டி கிடைக்கும். அதை அழுத்திச் சவ்வாக்கி முரசின் கீழே வைப்பார்கள். செலவு குறைவு, வேற்றுப் பொருள் எதுவும் இல்லை. ஆனால் இரண்டொரு வாரத்தில் கரைந்துவிடும். காயம் ஆற உதவுகிறது. முரசின் தடிப்பைக் கூட்டுவதில் அண்ணத்துச் சதையின் அளவுக்கு இதை நம்ப முடியாது.

எது நல்லது?

ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு, இந்தச் சிகிச்சைகள் பற்றிய 48 பரிசோதனைகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்டது. சான்றுகளில் பெரும்பகுதி பலமானவை அல்ல என்று அதுவே ஒத்துக்கொள்கிறது. ஆனாலும் வேரை மூடுவதிலும் உறுதியான முரசைத் தருவதிலும் சொந்த அண்ணத்தின் தொடுப்பிழையமே முன்னால் நிற்கிறது. புதிதாக எந்தப் பொருள் வந்தாலும் "அண்ணத்துச் சதைக்கு எவ்வளவு கிட்ட வருகிறது" என்றுதான் அளக்கிறார்கள். பன்றிச் சவ்வும் மனிதத் தோலும் இரண்டாவது காயத்தைத் தவிர்க்கின்றன, சத்திரசிகிச்சை நேரத்தைக் குறைக்கின்றன. அவற்றின் சிறப்பு அதுதான். அண்ணத்தை விட அதிகமாக மூடுவதால் அவை விற்கப்படவில்லை.

மார்க்கக் கேள்விக்கு இது மிக முக்கியம்.

பிக்ஹின் பக்கம்

நான் சந்தித்த ஒரு மௌலவியிடம் இதைச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "சேர், வேற வழி இரிக்கா?" என்பதுதான். அதுவே பிக்ஹின் முதல் கேள்வி. நம் ஷாபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களில் ஒன்றான இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இதற்கு மிகக் கிட்டிய ஒரு மஸ்அலா உண்டு. ஹிஜ்ரி 676இல் வபாத்தான ஓர் இமாம், உடைந்த எலும்பை நஜிஸான பொருளால் இணைப்பது பற்றிப் பேசியிருக்கிறார். அதன் கருத்து இதுதான்: சுத்தமான பொருள் கிடைக்காத நிலையில் அப்படிச் செய்தவர் மன்னிக்கப்பட்டவர். சுத்தமானது கிடைத்தும் நஜிஸைத் தெரிவுசெய்தவர், வெளிப்படையான தீங்கு அஞ்சப்படாவிட்டால் அதை அகற்ற வேண்டும்.

இந்த அளவுகோலை முரசுக்கு வைத்துப் பாருங்கள். சுத்தமான மாற்று இருக்கிறது. நம் வாயிலேயே இருக்கிறது. அதுவே சிறந்த சிகிச்சையும்கூட. ஆகவே 'ழரூரத்' என்று சொல்ல இங்கே பெரும்பாலும் இடமில்லை. அண்ணத்தில் சதை போதாதவர், இரத்தக் கசிவு நோய் உள்ளவர் போன்ற சிலருக்குத்தான் கேள்வி உண்மையில் எழும்.

"பன்றிக் கொலாஜன் பதப்படுத்தலில் வேறொன்றாக மாறிவிடுகிறது, எனவே இஸ்திஹாலா" என்று சிலர் சொல்லலாம். குவைத்தில் 1995இல் நடந்த இஸ்லாமிய மருத்துவ விஞ்ஞான அமைப்பின் கருத்தரங்கு, ஜெலட்டின் விடயத்தில் அந்த வாதத்தை ஏற்றது. ஜித்தாவைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச பிக்ஹ் அகடமி 1986இல், உணவில் பன்றி ஜெலட்டினை அனுமதிக்கவில்லை. உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இதோடு ஒரு விஞ்ஞான உண்மையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜெலட்டின் என்பது கொலாஜனைக் காய்ச்சி உடைத்துப் பெறுவது. முரசில் வைக்கும் சவ்வோ கொலாஜனின் இயற்கை நார் அமைப்பு உடையாமல் பாதுகாத்துச் செய்யப்படுவது, அதன் பயனே அதில்தான் தங்கியிருக்கிறது. கலங்களும் கொழுப்பும் நீக்கப்படுகின்றன, நார் அப்படியே இருக்கிறது. ஜெலட்டினுக்குச் சொன்ன முடிவை இதற்கு அப்படியே பொருத்தலாமா என்பதை உலமாக்கள்தான் தீர்மானிக்க வேண்டும். இந்த வேறுபாடு அவர்கள் முன் வைக்கப்பட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

சொந்த அண்ணத்தைப் பொறுத்தவரை தயக்கம் வேண்டாம். பிக்ஹ் அகடமியின் 1988ஆம் ஆண்டுத் தீர்மானம், குறையை நீக்கவும் தொழிற்பாட்டை மீட்கவும், நன்மை தீங்கை விட மேலோங்கினால், ஒருவரின் உடலில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுவதை அனுமதிக்கிறது. இறந்தவரின் உறுப்பை எடுப்பதற்கு அதே தீர்மானம் கடுமையான நிபந்தனை வைக்கிறது: உயிரோ அடிப்படைத் தொழிற்பாடொன்றோ அதில் தங்கியிருக்க வேண்டும், அனுமதியும் இருக்க வேண்டும். ஒரு பல்லின் வேரை மூடுவது அந்த எல்லைக்குள் வருமா என்று கேட்டுத்தான் நடக்க வேண்டும்.

தெரியாமல் ஏற்கெனவே பன்றிச் சவ்வு வைத்துக்கொண்டவர்கள் இதை வாசித்துக் கலங்கக் கூடாது. அந்தச் சவ்வு சில மாதங்களில் கரைந்து, அந்த இடத்தைச் சொந்த இழையம் பிடித்துக்கொள்ளும். தோண்டி எடுக்க ஒன்றும் மிஞ்சாது. மனம் உறுத்தினால் ஓர் ஆலிமிடம் போய்ப் பேசுங்கள், திரும்ப வாயை வெட்டப் போகாதீர்கள்.

போகும் முன்னும் வந்த பின்னும்

வைத்தியரிடம் இந்த நான்கைக் கேளுங்கள். எனக்கு ஒட்டுத் தேவையா, முரசை இழுத்து மூடினால் போதாதா? என் அண்ணத்தில் எடுக்கப் போதிய சதை உண்டா? வேறு பொருள் வைப்பதானால் அது எதிலிருந்து செய்யப்பட்டது? பெட்டியைக் காட்ட முடியுமா? பெட்டியில் 'பொர்சைன்' என்றால் பன்றி, 'போவைன்' என்றால் மாடு. ஜெல், சவ்வு, தூள் என எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். தையல் நூலையும் விட்டுவிட வேண்டாம்.

அரசாங்கத்தில் இந்தச் சிகிச்சைக்குரியவர் பல் மீளமைப்பு விசேட வைத்திய நிபுணர். மூதூர் ஆதார வைத்தியசாலையின் பல் பிரிவில் காட்டினால் எங்கே போவது என்று சொல்வார்கள். பேராதனைப் போதனா பல் வைத்தியசாலையும் கொழும்பு தேசிய பல் வைத்தியசாலையும் பெரிய இடங்கள். ஒரு நாள் பயணத்தோடு முடியாது. தையல் வெட்ட, ஆறியதைப் பார்க்க எனத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஆசிரியர்கள் விடுமுறையைக் கணக்குப் பார்த்தே நாள் எடுங்கள். நோன்பு மாதத்தைத் தவிர்ப்பது நல்லது, முதல் வாரம் மருந்தும் நீரும் வேளைக்குத் தேவைப்படும்.

இன்னொன்று. ஆரம்ப நாட்களில் வாயைப் பலமாகக் கொப்பளித்தால் உறைந்த இரத்தம் கழன்று கசியும். வுழூவில் வாய் கொப்பளிப்பது நம் மத்ஹபில் ஸுன்னத், பர்ழ் அல்ல. காயம் ஆறும்வரை அதை விட்டுவிடலாம்.

நான் அண்ணத்துச் சதையையே கேட்டுச் செய்துகொண்டேன். முரசை விட அண்ணம்தான் நொந்தது. ஐந்து நாள் ஆறிய கஞ்சியும் தயிரும். பேசாமல் இருக்க வேண்டியதுதான் வாத்தியாருக்குப் பெரிய தண்டனை. வேரில் ஒரு சிறு கீற்று இன்னும் மூடாமலேயே இருக்கிறது. கூச்சம் போய்விட்டது. சர்பத் குடிக்கிறேன். பிரஷ்ஷை மென்மையானதாக மாற்றிவிட்டேன். உம்மாவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அவ இன்னும் வெற்றிலையை விடவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் நாட்டில் முஸ்லிம் பல் வைத்தியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவிடம் பத்வாப் பிரிவு இருக்கிறது. இரு தரப்பும் ஒரு மேசையில் இருந்து, பல் சிகிச்சையில் பாவிக்கும் பொருட்கள் எவை எதிலிருந்து வருகின்றன, அவற்றின் சட்டம் என்ன என்று எளிய தமிழில் நாலு பக்கம் எழுதித் தந்தால், அதைக் கிளினிக் சுவரிலும் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையிலும் ஒட்டலாம். அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள சின்ன எழுத்தை ஒவ்வொருவரும் தனித்தனியாக அகராதியில் தேட வேண்டிய நிலை இருக்கக் கூடாது.